நேர்மறைப் பின்னூட்டம் நல்ல செய்தி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் அறிவியல் பக்கத்தை என் பேத்தி வாராவாரம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டிவைக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற வாரம் ஆர்க்டிக் கடல்பனி பற்றிய கட்டுரையை ஒட்டுவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரி: “பனி உருகுவதால் அப்பகுதியில் நேர்மறைப் பின்னூட்டம் ஏற்பட்டிருப்பதாக விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.” அந்தப் பத்திக்கு மேலே ‘நம்பிக்கைக் கீற்று’ என்று ஓர் உள்தலைப்பு. “அப்படியென்றால் பனி மறுபடியும் உறைய ஆரம்பித்துவிட்டதா தாத்தா?” என்று கேட்டாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. இல்லையம்மா, நிலைமை நேர் எதிர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அந்த வரியில் பிழை இல்லை. விஞ்ஞானிகள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். உள்தலைப்பு வைத்தவர் ‘நேர்மறை’ என்ற சொல்லைப் பார்த்ததும் நல்லது நடக்கிறது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என எங்கே போனாலும் ‘பாசிட்டிவ் ஃபீட்பேக்’ என்றால் பாராட்டு, ‘நெகட்டிவ் ஃபீட்பேக்’ என்றால் குறை என்றுதான் இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, என்ன வேலை செய்தது என்பது மறந்துபோய்விட்டது. ஓர் அனல்மின் நிலையத்தின் கருவிக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 31 ஆண்டுகள் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஃபீட்’ என்றால் ஊட்டு. ‘பேக்’ என்றால் இந்த இடத்தில் திரும்ப. இரண்டும் சேர்ந்து ஃபீட்பேக். ஓர் இயந்திரமோ உடலோ மனிதனோ வெளியே விட்டதில் ஒரு பங்கு திரும்பி உள்ளே வந்து, அடுத்து வெளியே போவதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் பொருள். திரும்பி வருவது, வந்து மாற்றுவது என்ற இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது ஃபீட்பேக் ஆகாது. பாராட்டோ திட்டோ இதில் எங்கும் கிடையாது.

பாய்லரின் மேற்பகுதியில் டிரம் என்று ஒரு பெரிய உருளை இருக்கும். பாதி தண்ணீர், பாதி நீராவி. அந்த நீர்மட்டம் கூடினால் தண்ணீர் நீராவியோடு சேர்ந்து போய் டர்பைனைக் கெடுக்கும். குறைந்தால் குழாய்கள் வெந்து வெடிக்கும். ஆகவே மட்டத்தை ஒரு டிரான்ஸ்மிட்டர் இடைவிடாமல் அளந்து கன்ட்ரோலருக்குச் சொல்லும். மட்டம் இறங்கினால் கன்ட்ரோலர் தண்ணீர் வால்வைக் கூடுதலாகத் திறக்கும், ஏறினால் மூடும். விலகலுக்கு எதிர்த்திசையில் வேலை செய்வதால்தான் இதற்கு நெகட்டிவ் ஃபீட்பேக் என்று பெயர். உலகத்தில் உள்ள மின்நிலையங்கள், விமானங்கள், குளிர்சாதனப் பெட்டிகள் எல்லாம் ஓடுவது இந்த ‘நெகட்டிவ்’ தயவில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஓர் இரவு ஷிப்டில் அந்தக் கன்ட்ரோலரைக் கழற்றிச் சுத்தம்செய்து, கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) முடித்துத் திரும்பப் பொருத்தினேன். அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிறு சுவிட்சு. ஒரு பக்கம் தள்ளினால் நேர்ச்செயல், மறுபக்கம் தள்ளினால் எதிர்ச்செயல். அதை மாற்றி வைத்துவிட்டேன். ஆபரேட்டர் அதை ஆட்டோவில், அதாவது தானாக இயங்கும் நிலையில், போட்டார். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மட்டம் மயிரிழை இறங்கியது. வால்வு திறப்பதற்குப் பதிலாகக் கொஞ்சம் மூடியது. அதனால் மட்டம் இன்னும் இறங்கியது, வால்வு இன்னும் மூடியது. ரெக்கார்டர் தாளில் சிவப்பு மைக்கோடு முதலில் சோம்பலாகச் சாய்ந்து, பிறகு வேகம் பிடித்து, கடைசியில் மலைச்சரிவு மாதிரி விழுந்ததை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். ஆபரேட்டர் பாய்ந்து மேனுவலுக்கு, அதாவது கையால் இயக்கும் நிலைக்கு, மாற்றி வால்வை முழுக்கத் திறந்தார். யூனிட் டிரிப் ஆகி மின் உற்பத்தி நின்றுபோவதற்கு நூலிழை பாக்கி.

என் மேலாளர் என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். “தம்பி, இதுதான் பாசிட்டிவ் ஃபீட்பேக். பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதே” என்றார். ஒரு கம்பியும் அறுபடவில்லை, ஒரு கருவியும் பழுதாகவில்லை. எல்லாம் சொன்னபடிதான் வேலை செய்தன. குறி ஒன்றுதான் மாறியிருந்தது. கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல்.

நேர்மறை, எதிர்மறை என்ற சொற்கள் இங்கே அந்தக் கணக்குக் குறிகளைத்தான் சுட்டுகின்றன. திரும்பி வருவது ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தோடு கூடினால் நேர், அதைக் கழித்தால் எதிர். நேரானது ஒன்றைப் பெருக்கிக்கொண்டே போகும், எதிரானது தணித்து நிலைக்குக் கொண்டுவரும். எது நல்லது, எது கெட்டது என்பது எதைப் பெருக்குகிறது, எதைத் தணிக்கிறது என்பதைப் பொறுத்தது.

மேடைகளில் மைக் திடீரென்று ‘கீ’ என்று அலறுவதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒலிபெருக்கியிலிருந்து வந்த சத்தம் மைக்குக்குள் மறுபடி நுழைந்து, பெருகி, மறுபடி வெளியே வந்து, மறுபடி நுழைகிறது. ஒரு நொடிக்குள் எத்தனையோ சுற்று. இதை ஆராய்ந்த டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சனின் பெயரால் இதற்கு லார்சன் விளைவு என்று பெயர். என் மனைவி காதுக்கருவி அணிகிறாள். பேத்தி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அது மெல்லிய விசில் அடிக்கும். குழந்தையின் கன்னம் காதை மூடியதும், உள்ளே போக வேண்டிய ஒலி கசிந்து வெளியே வந்து கன்னத்தில் பட்டுத் திரும்பி மைக்கில் விழுகிறது. கருவியின் காதுக்குள் வைக்கும் அச்சு சரியாகப் பொருந்தினால் கசிவு குறையும். இப்போதைய கருவிகள் அந்த விசிலைக் கண்டுபிடித்து அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடக்கிவிடுகின்றன. எதிரான ஒன்றை ஊட்டித்தான் அங்கேயும் அமைதி வருகிறது. என் மனைவிக்கு மட்டும் அந்த விசில் முழுக்கப் போய்விட வேண்டாம் என்று ஆசை. பேத்தி கட்டிக்கொண்டதற்கு அதுதான் அடையாளமாம்.

இந்தச் சொல்லின் ஊர்வலத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். வேலை முன்னால் வந்தது, பெயர் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். எஞ்சின் வேகமெடுத்தால் குண்டுகள் விலகி மேலேறி நீராவியைக் குறைக்கும், வேகம் தளர்ந்தால் கீழிறங்கி நீராவியைக் கூட்டும். மாவு ஆலைகளில் அதற்கு முன்பே இருந்த யோசனைதான் அது. மின்காந்தக் கொள்கையால் புகழ்பெற்ற மேக்ஸ்வெல் 1868-இல் இந்தக் கருவிகளின் கணிதத்தை ஒரு தனிக் கட்டுரையாக எழுதினார். இவர்கள் யாரும் ஃபீட்பேக் என்று சொல்லவில்லை. 1909-இல் நோபல் பரிசு வாங்கிய கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன், மின்சுற்றுகளுக்கிடையே வேண்டாமல் ஏற்படும் ஒரு தொடர்புக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒரு தொல்லைக்கு வைத்த பெயராகத்தான் அது மின்துறையில் காலெடுத்து வைத்தது.

தொல்லையை வேலைக்காரனாக்கியவர் எட்வின் ஆம்ஸ்ட்ராங். 1912-இல், மாணவராக இருந்தபோதே, ரேடியோவின் வெற்றிடக் குழாயிலிருந்து வெளிவந்த மின்னலையைத் திரும்ப அதே குழாய்க்கு ஊட்டினார். மங்கிய ஒலி பல மடங்கு பெருகியது. அளவு மிஞ்சினால் கருவி ஊளையிடும், அக்கம்பக்கத்து ரேடியோக்களையும் ஊளையிட வைக்கும். அவர் செய்தது பாசிட்டிவ் ஃபீட்பேக். அதன் உரிமை யாருக்கு என்று லீ டி ஃபாரஸ்ட் என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளரோடு நடந்த வழக்கு 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்கு எதிராக முடிந்தது.

எதிர்ப்பக்கத்தின் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஹரால்ட் பிளாக் பெல் ஆய்வகத்துப் பொறியாளர். தொலைபேசிக் கம்பிகள் நெடுந்தூரம் போகும்போது வழிநெடுக, மங்கிய குரலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் கெடுக்கும். நூறு ஆம்ப்ளிஃபையரைத் தாண்டினால் குரல் குரலாக இருக்காது. இந்தக் கேட்டை எப்படிப் போக்குவது என்று ஆண்டுக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். 1927 ஆகஸ்ட் 2 காலையில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது விடை பொறிதட்டியது. வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை எடுத்து, குறியை மாற்றி, திரும்ப உள்ளே ஊட்டிவிட்டால் என்ன? பெருக்கம் குறையும்தான், ஆனால் கேடும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். கையில் வேறு தாள் இல்லை. அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெறுமையாக இருந்த ஓர் இடத்தில் படத்தையும் சமன்பாட்டையும் எழுதினார். பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே தூக்கி எறிகிற ஆளை யார் நம்புவார்கள்? காப்புரிமை கிடைக்க 1937 டிசம்பர் வரை காத்திருந்தார். நான் வேலை பார்த்த ஒவ்வொரு கருவிக்குள்ளும் அந்தச் செய்தித்தாள் ஓரத்துக் கணக்கு இருந்தது. ஆசிரியர் அவர்களே, ஒரு நாளிதழின் அச்சடிக்காத இடம் இப்படியும் பயன்பட்டிருக்கிறது.

உடலுக்குள்ளும் இதே வேலைதான். இதில் ஒரு குழப்பத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். என் தங்கைக்கு இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு அதிகம் என்று வந்தது. “அண்ணா, எனக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதாம்” என்று தொலைபேசியில் அழுதாள். அந்த எண் தைராய்டு எவ்வளவு சுரக்கிறது என்பதைக் காட்டவில்லை என்று அவளுக்கு விளக்கினேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ‘சுர, சுர’ என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளைதான் டி.எஸ்.எச். தைராய்டு போதுமான அளவு சுரந்தால் அந்தச் செய்தி இரத்தத்தின் வழியாகத் திரும்பிப்போய்க் கட்டளையைக் குறைக்கும். சுரப்பு போதவில்லை என்றால் கட்டளை கூடும். பொதுவாக எண் ஏறுவது சுரப்பி தளர்ந்ததற்கு அறிகுறி. டிரம்மில் மட்டம் இறங்கினால் வால்வு திறக்கிறதே, அதே கதை. மறுநாள் மருத்துவரும் அதையே சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

நேரானது உடலில் எப்போதும் கேடு என்றும் நினைத்துவிட வேண்டாம். பிரசவத்தில் குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஆக்சிடோசினைச் சுரக்கவைக்கிறது. அது வலியைக் கூட்டுகிறது. வலி கூடினால் தலை இன்னும் அழுத்துகிறது. சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போய், குழந்தை வெளியே வந்ததும் சுற்று அறுபட்டு நின்றுவிடுகிறது. நாம் எல்லோரும் பிறந்தது ஒரு பாசிட்டிவ் ஃபீட்பேக்கால்தான். ஆனால் அதற்கு ஒரு முடிவு இருந்தது.

ஆர்க்டிக்கில் அந்த முடிவு எங்கே என்பதுதான் கேள்வி. வெண்பனி போர்த்திய கடல்பனி தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு 90 பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். பனி உருகி உள்ளிருந்து தெரியும் கருங்கடலோ 6 பங்கைத்தான் திருப்பும், மிச்சத்தைக் குடித்துவிடும். குடித்த கடல் சூடேறி அடுத்த பனியை உருக்கும். அதனால் இன்னும் கருங்கடல், இன்னும் சூடு. என் ரெக்கார்டர் தாளின் சிவப்புக் கோடு! 1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலகின் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருப்பதாக 2022-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. இந்தப் பனிச்சுற்று அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. நீராவியும் அப்படித்தான். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதனால் தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். நீராவியே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. ஆகவே சூடு ஈரத்தைக் கூட்டும், ஈரம் சூட்டைக் கூட்டும்.

பூமி ஒரேயடியாகக் கொதித்துப் போகாமல் இருப்பதற்கும் ஓர் எதிர்மறைப் பின்னூட்டமே காரணம். சூடான பொருள் எவ்வளவு சூடாகிறதோ அதைவிடப் பன்மடங்கு வேகமாக வெப்பத்தை வெளியே வீசும். அந்த ‘எதிர்மறை’ இல்லாவிட்டால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ‘நம்பிக்கைக் கீற்று’ என்ற உள்தலைப்பை அதற்குத்தான் வைத்திருக்க வேண்டும்.

கருவியிலிருந்த சொல் மனிதர்களின் கருத்துக்கு எப்படிப் பெயரானது? இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்குக் குறிபார்க்கும் கணக்கில் ஈடுபட்ட கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், இயந்திரமும் நரம்பும் ஒரே விதிப்படிதான் தம்மைத் திருத்திக்கொள்கின்றன என்று கண்டு, 1948-இல் அதை ஒரு நூலாகவே எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய மாணவர்களும் குழுப் பயிற்சிகளில் இந்தச் சொல்லைப் புழங்கினார்கள். உன் பேச்சு மற்றவர்மேல் என்ன செய்தது என்பதை அவர் உன்னிடம் சொன்னால், நீ அடுத்து பேசுவதைத் திருத்திக்கொள்ளலாம். இது சரியான பயன்பாடு. திரும்பி வருவதும் மாற்றுவதும் இரண்டும் இதில் இருக்கின்றன. அங்கிருந்து அலுவலகங்களுக்குப் போய், ஆண்டுக்கு ஒருமுறை மேலதிகாரி நிரப்பும் படிவமாகிவிட்டது. அதில்தான் எனக்கு வழக்கு.

ஒரு மருத்துவமனையில் என் மனைவி நான்கு நாள் இருந்தாள். கிளம்பும்போது ஒரு படிவத்தைக் கொடுத்து ‘ஃபீட்பேக்’ கேட்டார்கள். படுக்கைக்கு அருகில் இருந்த அழைப்பு மணி வேலை செய்யவில்லை என்று விளக்கமாக எழுதிக்கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து மறுபடி அதே அறை கிடைத்தது. மணி அடிக்கவில்லை. கிளம்பும்போது அதே படிவம் வந்தது. அந்தப் படிவத்தைக் கருத்துச் சீட்டு என்று சொல்லுங்கள், புகார் என்று சொல்லுங்கள். ஃபீட்பேக் என்று சொல்லாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் மட்டத்தை அளந்து அனுப்புகிறது, ஆனால் வால்வுக்குப் போகும் கம்பியே இல்லை என்றால் அதை நாங்கள் கன்ட்ரோல் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். சுற்று திறந்து கிடக்கிறது என்றுதான் எழுதிவைப்போம்.

திரும்பி வரும் செய்தி பொய்யாகவும் இருக்கலாம். டிரம்மிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. திடீரென்று நீராவியின் தேவை கூடினால் உள்ளே அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்ததும் தண்ணீருக்குள் இருக்கும் குமிழிகள் உப்பும். தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் மட்டம் ஏறுவதுபோலக் காட்டும். அதை நம்பி வால்வை மூடினால் கதை முடிந்தது. ஆகவே மட்டத்தை மட்டும் கேட்காமல் வெளியே போகும் நீராவியையும் உள்ளே வரும் தண்ணீரையும் சேர்த்து அளக்கச் சொல்வார்கள். ஆட்களைப் பற்றிக் கருத்துக் கேட்கிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அழுத்தம் விழுந்த நாளில் எல்லோருடைய பதிலும் உப்பித்தான் இருக்கும்.

நல்லதைச் சொன்னாலே போதும், ஆள் முன்னேறிவிடுவான் என்ற எண்ணமும் சரியில்லை. குளூகர், டெனிசி என்ற இருவர், ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதன் பலனைக் குறித்து அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொல்வது பயன்படுகிறது. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அதனால் திறன் குறைந்தே இருந்தது. பேச்சு செய்த வேலையைவிட்டு ஆளின் பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. என் மேலாளர் அந்த இரவில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தாளை மட்டும் கையில் கொடுத்தாரே, அந்த அருமை இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுக்க விளங்கியது.

காலம் தாழ்ந்தாலும் கெடும். நாம் பேசும் குரல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி தாமதித்து நம் காதில் விழுந்தால் நல்ல பேச்சாளருக்கும் நாக்குக் குழறும் என்று பெர்னார்ட் லீ 1950-இல் காட்டினார். குளியலறைக் குழாயில் வெந்நீர் வரத் தாமதமானால் நாம் திருகைக் கூடுதலாகத் திருப்பி, பிறகு சுட்டுக்கொண்டு, பிறகு அளவுக்கு மீறி மூடிக் குளிரில் நடுங்குவதும் இதுதான்.

இனித் தமிழுக்கு வருகிறேன். ‘பின்னூட்டம்’ என்பது நல்ல உழைப்பில் விளைந்த சொல். ஊட்டம் என்ற பகுதி மிகப் பொருத்தம். குழந்தைக்கு ஊட்டுவதும் பாய்லருக்கு ஊட்டுவதும் நம் மொழியில் ஒரே வினை. ‘பின்’ என்பதில்தான் எனக்குச் சிறு குறை. பின்னால் நிற்கிறான், பின்னர் வருவான் என்று இடத்தையும் காலத்தையும் அது காட்டும், திரும்பி வருவதைக் காட்டாது. ‘மீளூட்டம்’ என்று வைத்திருந்தால் அந்தத் திரும்புதல் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கும். மீள்வது என்றால் திரும்புவதுதானே. ஆனால் வேரூன்றிய சொல்லைப் பிடுங்கச் சொல்ல நான் வரவில்லை. இணையத்தில் தமிழ் எழுத வந்தவர்கள் வாசகர் எழுதும் மறுமொழிக்கெல்லாம் பின்னூட்டம் என்று பெயர் வைத்து அதைப் பரப்பினார்கள். அந்தப் பொருளும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் கேட்பது வேறு. நேர்மறை, எதிர்மறை என்ற அடைமொழிகளை அறிவியல் கட்டுரைகளில் விட்டுவிடுங்கள். நேர்மறை எண்ணம், எதிர்மறை எண்ணம் என்று நாள்தோறும் எழுதிப் பழகிய கண்ணுக்கு அவை வேறு பொருளில் தெரியவே தெரியாது. பெருக்கும் பின்னூட்டம், தணிக்கும் பின்னூட்டம் என்று எழுதுங்கள். ‘ஆர்க்டிக்கில் சூட்டைப் பெருக்கும் பின்னூட்டம்’ என்று இருந்திருந்தால் அதன்மேல் நம்பிக்கைக் கீற்று என்று எந்த உதவி ஆசிரியரும் எழுதியிருக்க மாட்டார். வெறும் கருத்தைக் குறிக்கும் இடத்தில் கருத்து, மறுமொழி, நிறைகுறை என்று எத்தனையோ சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. “பயணிகளிடம் பின்னூட்டம் பெறப்பட்டது” என்று செய்தி வரும்போதெல்லாம், பெற்று என்ன மாற்றினார்கள் என்று தங்கள் நிருபர் ஒரு வரி கூடுதலாகக் கேட்டு எழுதட்டும். பதில் இல்லையென்றால் ‘கருத்துக் கேட்கப்பட்டது’ என்பதே போதும்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், உள்தலைப்பு தவறு என்று ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ஒரு மாதம் கழித்து வேறு பக்கத்து மூலையில் வந்தால் அது யார் கண்ணிலும் படாது. கட்டுரை இப்போது என் பேத்தியின் நோட்டில் 46-ஆம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நான் சொன்னதைக் கேட்டபிறகும் அவள் அந்த உள்தலைப்பைப் பேனாவால் அடிக்கவில்லை. “பேப்பரில் போட்டிருக்கிறார்களே தாத்தா, அவர்களே சொல்லட்டும்” என்கிறாள். பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்கு இடம் விட்டுவைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழை 40 ஆண்டுகளாக வாசிக்கும்
ஓய்வுபெற்ற கருவிப் பிரிவு ஊழியர்